மருந்து சொன்னவர்களுக்கு என்ன கிடைத்தது? ஸ்பெயின், பிரான்ஸ் பேரரசுகள் முதல் திருவனந்தபுரம் காணிகள் வரை

மலேரியாவுக்கு உலகம் நம்பிய முதல் மருந்து குயினைன். சின்கோனா என்ற மரத்தின் பட்டையிலிருந்து வருவது. அந்த மரத்துக்கு ஏன் அந்தப் பெயர் தெரியுமா? 17-ஆம் நூற்றாண்டில் பெருவை ஆண்ட ஸ்பானிய வைசிராய் ஒருவரின் மனைவி, சின்சோன் சீமாட்டி. அவருக்கு வந்த காய்ச்சலை இந்தப் பட்டை குணமாக்கியது என்று ஒரு கதை ஐரோப்பாவில் பரவியது. அதை நம்பி 1742-ல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் மரத்துக்கு அவர் பெயரை வைத்தார். அதிலும் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். பிற்கால வரலாற்று ஆய்வாளர்கள் அந்தக் காலத்து லிமா நகர நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தால், அப்படி ஒரு சம்பவமே அதில் இல்லை.

காய்ச்சலுக்கு அந்தப் பட்டையைப் பயன்படுத்திய ஆண்டிஸ் மலைமக்களின் பெயர் மரத்தில் இல்லை. மாத்திரை அட்டையிலும் இல்லை.

எப்பவோ நடந்தது, நமக்கென்ன என்று கேட்கலாம். இதே மாதிரி ஒரு சம்பவம் 1987-ல், திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே இருக்கும் அகத்தியமலைக் காட்டில் நடந்தது. அங்கே வாழும் காணிப் பழங்குடியினர் ஒரு செடியைக் காட்டினார்கள். அதிலிருந்து ஒரு மருந்து வந்தது. ஆனால் இந்த முறை ஓர் ஒப்பந்தம் இருந்தது, காணிகளுக்குப் பணமும் கிடைத்தது. உலகமே இதை முன்மாதிரி என்று சொன்னது. பிறகு அது முட்டிக்கொண்டு நின்றது.

ஏன் நின்றது என்பது இன்று முன்பைவிட முக்கியம். 2024 மே மாதம் ஜெனீவாவில் உலக நாடுகள் பாரம்பரிய அறிவு பற்றிய புதிய ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டன. 2025 பிப்ரவரியில் ரோம் நகரில் புதிய நிதியம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்தியாவும் தன் பல்லுயிர்ச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறது. எல்லாமே ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன: மருந்தைச் சொன்னவர்களுக்கு என்ன கிடைக்க வேண்டும்? முதலில் பேரரசுகள் இதற்கு என்ன பதில் வைத்திருந்தன என்று பார்த்துவிடலாம்.

ஸ்பெயின்: எழுதினார்கள், எடுத்தார்கள்

ஸ்பானியர்கள் அமெரிக்கக் கண்டத்தில் நிலம் பிடிக்கப் போகும்போது கையில் ஒரு ஆவணமும் எடுத்துப் போனார்கள். 1513-ல் தயாரான அதன் பெயர் ‘ரெக்கெரிமியெந்தோ’. போப்பாண்டவரும் ஸ்பெயின் அரசரும்தான் உங்கள் எஜமானர்கள், ஏற்றுக்கொள்ளுங்கள், மறுத்தால் போர் வரும், அடிமையாக்குவோம், அதனால் வரும் சாவுக்கு நீங்களே பொறுப்பு என்று அது சொன்னது. அதை ஸ்பானிய மொழியில் வாசித்தார்கள், ஒரு வார்த்தை புரியாத மக்கள் முன்னால். சில சமயம் ஆளே இல்லாத ஊர்களில்கூட வாசித்தார்கள். சட்டப்படி ‘தகவல் சொல்லியாச்சு’. அவ்வளவுதான்.

ஆனால் ஸ்பெயின் வெறும் வாளோடு மட்டும் போகவில்லை. பூர்வகுடிகளின் மருத்துவ அறிவு எவ்வளவு மதிப்புள்ளது என்று அதற்கு நன்றாகத் தெரியும். 1552-ல் மெக்சிகோவின் த்லாத்தெலோல்கோ கல்லூரியில் மார்த்தீன் தெ லா குரூஸ் என்ற நாவா இன மருத்துவர் தம் மூலிகை அறிவைச் சொன்னார். ஹுவான் பதியானோ என்ற இன்னொரு பூர்வகுடி அறிஞர் அதை லத்தீனில் எழுதினார். ஸ்பெயின் அரசருக்குப் பரிசாக அனுப்பப்பட்ட அந்த ஓவிய நூல் கடைசியில் வத்திக்கான் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1990-ல்தான் இரண்டாம் ஜான் பால் அதை மெக்சிகோவுக்குத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த நூலில் மருத்துவரின் பெயராவது இருக்கிறது. 1570-களில் இரண்டாம் ஃபிலிப் மன்னர் அனுப்பிய பிரான்சிஸ்கோ எர்னாந்தெஸ் என்ற அரண்மனை வைத்தியர், மெக்சிகோ முழுக்கச் சுற்றி ஏறக்குறைய 3,000 தாவரங்களைப் பற்றி எழுதினார். அவருக்குச் சொல்லித்தந்த நாட்டு வைத்தியர்களில் பெரும்பாலோர் பெயர் இல்லாமலே போனார்கள்.

சின்கோனாவில் இது வியாபாரமாகவே ஆனது. இன்றைய ஈக்வடாரில் இருக்கும் லோஹா பகுதியின் பட்டையை இயேசு சபைப் பாதிரிகள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். 18-ஆம் நூற்றாண்டில் அங்கே விளையும் சிறந்த பட்டையை ஸ்பெயின் அரசு மாட்ரிட்டில் இருந்த அரண்மனை மருந்தகத்துக்கு என்று ஒதுக்கிக்கொண்டது. பட்டையை உரித்த மலைமக்கள் கூலிகளாகவே இருந்தார்கள்.

நல்ல சட்டமே வரவில்லையா என்றால், வந்தது. 1542-ல் ஸ்பெயின் ‘புதிய சட்டங்கள்’ கொண்டுவந்தது. பூர்வகுடிகளை அடிமையாக்கக் கூடாது, அவர்கள் உழைப்பைத் தனியாருக்குப் பங்குபோட்டுக் கொடுக்கும் ‘என்கொமியெண்டா’ முறை படிப்படியாக ஒழிய வேண்டும் என்றது. பெருவில் குடியேறிகள் கலகம் செய்தார்கள். சட்டத்தை அமல்படுத்த வந்த வைசிராயை 1546-ல் போரில் கொன்றே விட்டார்கள். அதற்கு முன்பே, 1545-ல், சட்டத்தின் முக்கியமான பிரிவை ஸ்பெயின் திரும்பப் பெற்றிருந்தது. சட்டம் காகிதத்தில் இருந்தது, நிலம் வேறு ஆட்கள் கையில் இருந்தது. இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, திருவனந்தபுரத்தில் மறுபடி தேவைப்படும்.

பிரான்ஸ்: உயிர் கொடுத்த மரம், கடத்தப்பட்ட தலைவர்

பிரெஞ்சு ஆட்சி என்றால் நமக்குப் புதுச்சேரியும் காரைக்காலும் மாஹேயும்தான் நினைவுக்கு வரும். அவர்கள் அங்கெல்லாம் வருவதற்கு நூறு வருடங்களுக்கும் மேல் முன்னால், 1535-36 குளிர்காலத்தில், ஜாக் கார்த்தியே என்ற பிரெஞ்சு மாலுமி இன்றைய கனடாவின் கியூபெக் பக்கம் பனியில் மாட்டிக்கொண்டார். கூட இருந்தவர்கள் சுமார் 110 பேர். ஸ்கர்வி நோய் வந்தது. ஈறு அழுகி, கால் வீங்கி, 25 பேர் செத்தார்கள்.

ஸ்டாடகோனா என்ற ஊரின் தலைவர் டொன்னகோனாவின் மகன் டொமகாயா ஒரு மரத்தைக் காட்டினார். ‘அனெட்டா’ என்பது அதன் பெயர். இலையையும் பட்டையையும் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார். குடித்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஒரு வாரம் போல ஆவதற்குள் ஒரு முழு மரத்தையே காலி செய்துவிட்டார்கள்.

கைம்மாறு என்ன தெரியுமா? 1536 மே மாதம் கிளம்பும்போது கார்த்தியே அந்தத் தலைவரையும் மகன்களையும் தந்திரமாகப் பிடித்துக் கப்பலில் ஏற்றினார். மொத்தம் பத்துப் பேர் பிரான்ஸ் போனார்கள். ஒரு சிறுமியைத் தவிர எல்லோரும் அங்கேயே இறந்தார்கள், யாரும் ஊர் திரும்பவில்லை. 1541-ல் திரும்பி வந்த கார்த்தியே, தலைவர் இறந்துவிட்டார், மற்றவர்கள் பிரான்சில் பிரபுக்கள் மாதிரி வாழ்கிறார்கள் என்று ஊராரிடம் கதை விட்டார்.

1604-05 குளிர்காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் செயின்ட் குருவா தீவில் தங்கியபோது மறுபடி ஸ்கர்வி வந்தது. 79 பேரில் 35 பேர் செத்தார்கள். மரத்தைக் காட்டிய ஊரார் அதற்குள் பழைய இடத்திலேயே இல்லை. அனெட்டா எந்த மரம் என்பதே இன்றுவரை ஆய்வாளர்களிடையே விவாதம். ஆளைக் கடத்தியவர்கள் அறிவைத் தொலைத்தார்கள்.

ஆனால் பிரான்சுக்கு இன்னொரு முகமும் உண்டு. வட அமெரிக்காவில் அவர்களுக்கு வேண்டியது பீவர் தோல். குடியேறிகள் குறைவு. வேட்டையாடித் தோல் கொண்டுவந்து கொடுக்க பூர்வகுடிகள் இல்லாமல் முடியாது. அதனால் பரிசு கொடுத்தார்கள், மொழி கற்றார்கள், சம்பந்தம் செய்தார்கள். 1701-ல் மான்ட்ரியலில் ஏறக்குறைய 40 பூர்வகுடி நாடுகளோடு சமாதான ஒப்பந்தம் போட்டார்கள். தலைவர்கள் தங்கள் குலச்சின்னங்களான விலங்குகளின் படத்தை வரைந்து கையெழுத்திட்டார்கள்.

இதை வைத்து, ‘ஸ்பானியர்கள் கொடுமைக்காரர்கள், பிரெஞ்சுக்காரர்கள் நல்லவர்கள்’ என்று முடிவு கட்டிவிடாதீங்க. அதே பிரான்ஸ், தெற்கே லூசியானாவில் புகையிலைத் தோட்டத்துக்கு நிலம் தேவைப்பட்டபோது வேறு மாதிரி நடந்துகொண்டது. 1729-ல் ஒரு பிரெஞ்சு அதிகாரி நாச்சஸ் மக்களின் ஊரையே காலி செய்யச் சொன்னார். அவர்கள் திருப்பித் தாக்கினார்கள். பிரான்ஸ் அந்த மக்களைச் சிதறடித்து, பிடிபட்ட நூற்றுக்கணக்கானவர்களை 1731-ல் கரீபியத் தீவில் அடிமைகளாக விற்றது.

ஆக, பேரரசின் குணத்தை முடிவு செய்தது அதன் தேவை. ஆள் தேவை என்றால் கூட்டாளி, நிலம் தேவை என்றால் எதிரி. தேவையால் வரும் மரியாதை, தேவை தீரும் வரைக்கும்தான். மரியாதையை நிரந்தரமாக்குவது உரிமை ஒன்றுதான், அதை இரண்டு பேரரசுமே கொடுக்கவில்லை.

நம்ம பக்கம் என்ன நடந்தது?

1860-ல் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய கிளமென்ட்ஸ் மார்க்கம் ஆண்டிஸிலிருந்து சின்கோனா விதைகளையும் கன்றுகளையும் எடுத்துவர ஏற்பாடு செய்தார். அவை வந்து வளர்ந்தது நம் நீலகிரியில், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும். 1820-ல் பாரிசில் பெல்த்தியே, கவந்து என்ற இரண்டு மருந்தியலாளர்கள் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்திருந்ததால், மரத்துக்குக் கிராக்கி எகிறியிருந்த காலம் அது. ஆண்டிஸுக்கு இதில் ஒரு பங்கும் போகவில்லை.

கேரளத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்’, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. 742 தாவரங்கள். அதற்கு அறிவு தந்த இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் சாட்சியம், அவர் எழுதிய எழுத்திலேயே முதல் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. பேராசிரியர் கே.எஸ். மணிலாலின் உழைப்பில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை 2003-ல் திருவனந்தபுரத்தில் இருக்கும் கேரளப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. பெயர் பிழைத்தது, சரி. பங்கு? அந்தக் காலத்தில் அப்படி ஒரு பேச்சே கிடையாது.

பெயரோடு பங்கும் சேர்ந்தே வந்தது காணிகளின் கதையில்தான்.

யார் இந்தக் காணிகள்?

நீங்க டெக்னோபார்க்கில் வேலை பார்ப்பவர் என்றால், வாரக்கடைசியில் பொன்முடி போகும் வழியில் விதுரா, கல்லாறு பெயர்ப்பலகைகளைப் பார்த்திருப்பீங்க. அந்தப் பக்கத்துக் காடுகள்தான் காணிகளின் ஊர். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. தலைவருக்கு மூட்டுக்காணி என்று பெயர், வைத்தியம் பார்ப்பவர் பிலாத்தி.

மலைக்கு இந்தப் பக்கமும் அவர்கள் இருக்கிறார்கள். கன்னியாகுமரியின் பேச்சிப்பாறை, நெல்லையின் பாபநாசம் மலைப்பகுதிகளில் வாழும் காணிக்காரர்களும் இதே மக்கள்தான். கன்னியாகுமரி 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. மாநில எல்லை பிறகு வந்தது, காடும் மக்களும் முன்னாடியே இருந்தவர்கள்.

கல்லாற்றைச் சேர்ந்த காணி வைத்தியர் லட்சுமிக்குட்டி அம்மாவுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் அறிவு எழுத்தில் கற்றது கிடையாது, தலைமுறையாகக் காதில் விழுந்து நினைவில் தங்கியது.

ஆரோக்கியப்பச்சை முதல் ‘ஜீவனி’ வரை

1987 டிசம்பர். டாக்டர் பி. புஷ்பாங்கதன் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு அகத்தியமலையில் ஏறியது. வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள் அவ்வப்போது ஒரு சின்னப் பழத்தைச் சாப்பிட்டுக்கொண்டே வந்தார்கள். விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது, அவர்களுக்குக் களைப்பே இல்லை. அது என்ன என்று கேட்டால் முதலில் சொல்லத் தயங்கினார்கள். வெளியாருக்குச் சொல்லக் கூடாத விஷயம் அது. வற்புறுத்திய பிறகு செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை.

புஷ்பாங்கதன் பிறகு திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் இருக்கும் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநரானார். இப்போது நேரு பெயரைத் தாங்கி நிற்கும் நிறுவனம் அது. ஆய்வுக்கூடத்தில் இலையிலும் பலன் தரும் சேர்மங்கள் இருப்பது தெரிந்தது. ஆரோக்கியப்பச்சையோடு வேறு மூன்று மூலிகைகளையும் சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கினார்கள்.

1995-ல் கோவையின் ஆர்ய வைத்ய ஃபார்மஸிக்கு அதைத் தயாரிக்கும் உரிமம் கொடுத்தார்கள். கணக்கு இது: உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், தொழிற்சாலை விலையில் 2 சதவீதம் ராயல்டி. இரண்டிலும் பாதி காணிகளுக்கு. அதாவது தொழிற்சாலையிலிருந்து 100 ரூபாய் சரக்கு போனால் காணிகளுக்கு 1 ரூபாய். பணத்தை வாங்க ஓர் அமைப்பு வேண்டுமே? 1997-ல் கேரள காணி சமுதாய க்ஷேம டிரஸ்ட் பதிவானது. 1999-ல் அதன் கணக்குக்கு 5 லட்சத்துச் சொச்சம் ரூபாய் போனது.

தொகை சின்னதுதான். ஆனால் ஒன்றைக் கவனிங்க. அப்போது இப்படிப் பங்கு கொடுக்க வேண்டும் என்று இந்தியாவில் சட்டமே கிடையாது. ஐ.நா.வின் பல்லுயிர் உடன்படிக்கை 1992-ல்தான் வந்தது, நம் பல்லுயிர்ச் சட்டம் 2002-ல் வந்தது. சட்டம் வருவதற்கு முன்பே ஒரு அரசு ஆய்வு நிறுவனம் தானாக முன்வந்து செய்தது இது. பெரு முதல் கியூபெக் வரை எந்தப் பேரரசும் செய்யாத காரியம்.

பிறகு எங்கே முட்டியது?

முதல் பிரச்சினை, சம்மதம். 1987-ல் செடியைக் காட்டியவர்கள் சில இளைஞர்கள். அது முழு இனத்தின் சம்மதம் ஆகுமா? 1995-லேயே பிலாத்திகள் சிலர், எங்கள் அறிவைத் தனியார் நிறுவனத்துக்கு விற்பதை ஏற்க மாட்டோம் என்று முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். பழங்குடிகள் பற்றி ஆராயும் கேரள அரசின் கிர்த்தாட்ஸ் நிறுவனமும் எதிர்த்தது. ரெக்கெரிமியெந்தோ அளவுக்கு மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் யாரிடம் கேட்டால் ‘கேட்டதாக’ ஆகும் என்ற கேள்வி அப்படியே இருந்தது.

இரண்டாவது, யார் அந்தச் சமூகம்? ஆய்வாளர்களோடு பழகிய குற்றிச்சல் பஞ்சாயத்துக் காணிகளிடம் திட்டத்துக்கு ஆதரவு இருந்தது. விதுரா, பெரிங்கம்மலை பஞ்சாயத்துகளில் இருந்தவர்கள் தங்களை யாரும் கலந்துகொள்ளவில்லை என்று நினைத்தார்கள். டிரஸ்ட்டின் பெயரிலேயே ‘கேரள’ என்று இருக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் இருக்கும் காணிகளின் பங்கு பற்றி அந்த ஒப்பந்தம் பேசவில்லை.

மூன்றாவது, பெயர். ‘ஜீவனி’ என்ற வணிகப் பெயரை வெளிநாட்டில் பாதுகாக்க யாரும் முன்கூட்டி ஏற்பாடு செய்யவில்லை. அமெரிக்க நிறுவனம் ஒன்று அங்கே அதை வணிகக்குறியாகப் பதிவு செய்துகொண்டது.

நான்காவதுதான் அடிப்படை. இலை.

மருந்து செய்ய இலை வேண்டும். காட்டுக்கு வெளியே வளர்த்தால் செடி வரும், காட்டுச் செடியின் குணம் அப்படியே வருவதில்லை. அதனால் காணிக் குடும்பங்களையே காட்டுக்குள் பயிரிட வைத்து, இலையை விலைக்கு வாங்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. ராயல்டியைவிட காணிகளுக்கு இதில்தான் நேரடி வருமானம். ஆனால் அது காப்புக்காடு. வனத்துறை ஒத்துக்கொள்ளவில்லை. இலை பறிக்கிறேன் என்று ஆட்கள் வேரோடு பிடுங்கிப்போனால் இந்த அரிய செடியே அழிந்துவிடும் என்பது அவர்கள் பயம். அந்தப் பயத்தைத் தள்ளிவிட முடியாது, வெளியாட்கள் செடியைப் பிடுங்கிக் கடத்தியதும் நடந்தது.

ஆனால் விளைவைப் பாருங்க. செடியைக் கண்டுபிடித்தவர்கள், ராயல்டி வாங்குபவர்கள், ஒப்பந்தத்தில் பங்காளிகள். அவர்களே ஓர் இலையைப் பறிக்க அனுமதி கேட்டு நிற்க வேண்டும். ஒரு அரசு நிறுவனம் அவர்கள் அறிவுக்கு விலை கொடுத்தது. இன்னொரு அரசுத் துறை அந்த அறிவு வேலை செய்யும் காட்டைப் பூட்டி வைத்திருந்தது. இலை சீராக வராமல் மருந்து உற்பத்தியும் ராயல்டியும் எப்படி வளரும்?

இந்தப் பூட்டு அன்றைக்குப் போட்டது இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூர் அரசு காட்டுச் சட்டம் கொண்டுவந்து காப்புக்காடுகளை அறிவித்தது. வெள்ளைக்கார இந்தியாவில் நடந்த அதே ஏற்பாடு. காணிகள் வாழ்ந்த காடு அரசின் சொத்து ஆனது, அவர்கள் அதில் அனுமதியோடு தங்குபவர்கள் ஆனார்கள். ஸ்பெயினின் ‘புதிய சட்டங்கள்’ தோற்ற அதே இடம்தான் இது. காகிதத்தில் இருந்த நல்ல வாக்கியத்தை நிலத்தின் மீதான அதிகாரம் தோற்கடித்தது.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

2006-ன் வன உரிமைச் சட்டம் இந்தப் பூட்டுக்கு ஒரு சாவி வைத்திருக்கிறது. சிறு வனப் பொருட்களைச் சேகரிக்கவும் விற்கவும் காட்டில் வாழும் மக்களுக்கு உரிமை உண்டு என்கிறது அது. இன்னும் ஒரு படி மேலே போய், 3(1)(கே) பிரிவில், பல்லுயிர் வளத்தை அணுகும் உரிமையையும் அது சார்ந்த பாரம்பரிய அறிவின் மீதான சமூக உரிமையையும் சேர்த்தே கொடுக்கிறது. காடும் அறிவும் ஒரே வரியில். ஜீவனி ஒப்பந்தம் போட்ட காலத்தில் இந்த வரி இருந்திருந்தால், வனத்துறையோடு நடந்த பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும்.

பல்லுயிர்ச் சட்டப் பக்கம் காற்று இரண்டு திசையிலும் அடிக்கிறது. 2018 டிசம்பரில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம், திவ்யா ஃபார்மஸி வழக்கில், இந்திய நிறுவனங்களும் உள்ளூர் மக்களுக்குப் பங்கு கொடுத்தாக வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. 2023-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. நூல்களில் பதிவான பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துவோருக்கும், ஆயுஷ் மருத்துவர்களுக்கும், சாகுபடி செய்த மூலிகைகளுக்கும் விலக்கு கிடைத்தது. விதிமீறலுக்கு இருந்த சிறைத் தண்டனை போய், அபராதம் வந்தது. தொழில் செய்வது சுலபமாகும் என்கிறது அரசு. பழங்குடிகளிடமிருந்து எடுத்ததையும் ‘நூலில் இருக்கிறது’ என்று சொல்லி நிறுவனங்கள் நழுவிவிடும் என்கிறார்கள் விமர்சகர்கள். யோசிச்சுப் பாருங்க, காணிகளின் அறிவு எந்த நூலிலும் எழுதாத அறிவு. அதற்குச் சட்டப் பாதுகாப்பு தொடர்கிறது. ஆனால் அதை நிரூபிக்கும் சுமை யார் தலையில் விழும்?

உலக அளவில், 2024 மே 24-ல் உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஏற்கப்பட்ட ஒப்பந்தம், காப்புரிமை கேட்பவர் மூலப்பொருள் எந்த நாட்டிலிருந்து வந்தது, அறிவு எந்தப் பூர்வகுடிகளிடமிருந்து வந்தது என்று சொல்லியாக வேண்டும் என்கிறது. 15 நாடுகள் இசைவு தந்தால் அமலுக்கு வரும். சொல்லாமல் விட்டார் என்ற ஒரே காரணத்துக்காகக் காப்புரிமையை ரத்து செய்ய முடியாது, மோசடி நோக்கம் இருந்திருக்க வேண்டும் என்பது அதன் ஓட்டை.

இது ஏன் தேவை என்பதற்குப் பழைய பேரரசின் மிச்சத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. தென் அமெரிக்காவில் இன்றும் பிரான்சின் பகுதியாக இருக்கும் பிரெஞ்சு கயானாவில், மலேரியாவுக்கு வீட்டு வைத்தியமாக என்ன செய்கிறீர்கள் என்று 2003-ல் பிரெஞ்சு அரசு ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் பூர்வகுடிகளிடமும் உள்ளூர் மக்களிடமும் கேட்டார்கள். அவர்கள் சொன்ன செடியில் கிடைத்த சேர்மத்துக்கு 2015-ல் ஐரோப்பியக் காப்புரிமை வந்தது. சொன்னவர்களுக்கு அதில் இடமில்லை. 2016-ல் பெரிய சர்ச்சை வெடித்த பிறகே பலனைப் பகிர்கிறோம் என்று நிறுவனம் அறிவித்தது. மறுபடியும் மலேரியா, மறுபடியும் பிரான்ஸ், மறுபடியும் சொன்னவர்கள் வெளியே.

இனி காட்டுக்கு வரவே தேவையில்லை

கடைசியாக, நம் தலைமுறையின் கேள்வி ஒன்று. 2019-ல் கேரளப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியப்பச்சையின் மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்தி வெளியிட்டார்கள். அறிவியலுக்கு இது நல்ல காரியம். ஆனால் இனி உலகத்தின் எந்த மூலையிலும் ஒருவர் கணினியில் அந்த வரிசையை வைத்து ஆராய்ச்சி செய்யலாம். காட்டுக்குள் கால் வைக்க வேண்டாம், காணியைப் பார்க்கவும் வேண்டாம்.

இதற்காகத்தான் 2025 பிப்ரவரியில் ரோமில் ‘காலி நிதியம்’ தொடங்கினார்கள். கொலம்பியாவின் காலி நகர மாநாட்டில் முடிவானதால் அந்தப் பெயர். மரபணுத் தரவைப் பயன்படுத்தும் மருந்து, அழகுசாதன, வேளாண் பெருநிறுவனங்கள் லாபத்தில் 1 சதவீதமோ வருமானத்தில் 0.1 சதவீதமோ கொடுக்க வேண்டும், அதில் குறைந்தது பாதி பூர்வகுடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் போக வேண்டும் என்பது திட்டம். கட்டாயம் கிடையாது, மனமிருந்தால் கொடுக்கலாம். பிரான்சுக்குத் தோல் வேண்டியபோது இருந்த மரியாதை நினைவுக்கு வருகிறதா? அன்றைக்குத் தோல் கொண்டுவர ஆள் தேவைப்பட்டது, அதனால் பேச்சுவார்த்தை நடந்தது. தரவுக்கு ஆளே தேவையில்லை. அதனால்தான் உரிமை சட்டத்தில் இருக்க வேண்டியது முன்பைவிட அவசரம்.

உங்களில் பலர் மருந்து, பயோடெக், தரவு ஆய்வு, காப்புரிமைச் சட்டம் என்று இந்தச் சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணியில் வேலை பார்ப்பவர்கள். பழங்குடி அறிவிலிருந்து புது மருந்து, இத்தனை கோடி ஒப்பந்தம் என்று அடுத்த முறை ஒரு செய்தி வந்தால், தொகையோடு நின்றுவிடாதீங்க. யாரிடம் சம்மதம் கேட்டார்கள், எந்த மொழியில் கேட்டார்கள் என்று பாருங்க. எந்த ஊர் உள்ளே, எந்த ஊர் வெளியே என்று பாருங்க. முக்கியமாக, அந்தச் செடி வளரும் காட்டில் ஓர் இலை பறிக்க அந்த மக்கள் இன்னும் யாரிடம் போய் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது என்று பாருங்க.